ஏழாம் எண் பெட்டி

மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு பழைய தபால் நிலையத்தின் பின்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தவள், அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் துணியை அவிழ்த்துவிட்டாள். தூசி தொண்டைக்குள் போனது. போகட்டும். பக்கத்தின் ஓரத்தில் நீல மையில் சின்னதாக ஒரு ஏழு. அடுத்த வரியிலும் ஏழு. புரட்டினால் அடுத்த பக்கம் முழுக்க ஏழு. கன்னத்தைப் புறங்கையால் துடைத்தபோதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

தபால் துறை அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பேர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் சலித்து, ஒரு கையெழுத்து குறைந்தாலும் திருப்பியடிக்கிறவள். கட்டடத்தை விற்கப்போகிறோம், உள்ளே கிடப்பதில் வைக்க வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் காகித ஆலைக்கு அனுப்புங்கள் என்று மேலிடம் சொன்னபோது, யாரும் சீண்டாத அந்த வேலை அவள் தலையில் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. கூடவே, வரைபடத்தில் இல்லாமல் போன சிற்றூர்கள் பழைய தபால் பதிவேடுகளில் தட்டுப்பட்டால் குறித்துத் தரும்படி ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அப்படிக் காணாமல் போன ஓர் இடத்தில்தான் அவள் பிறந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒதுக்குப்புறமான இடங்களில் மாட்டிய தபால் பெட்டிகளுக்குள் அந்தந்தப் பெட்டியின் எண் பொறித்த ஒரு சின்ன முத்திரை சங்கிலியில் தொங்கும். தபால்காரர் அவ்வளவு தூரம் போய்ப் பெட்டியைத் திறந்து, அந்த முத்திரையை மையில் ஒற்றித் தன் புத்தகத்தில் குத்திக்கொண்டு வரவேண்டும். போகாமலே போனேன் என்று டபாய்க்க முடியாது. சுண்ணாம்புக்கல் உடைக்கிறவர்களின் குடியிருப்பில், கருவிக் கொட்டகைச் சுவரில் அறைந்திருந்த பெட்டிக்கு எண் ஏழு. அந்த இடத்துக்கு ஆளுக்கொரு பேர் சொன்னார்கள், எந்தப் பேரும் சர்க்கார் காகிதத்தில் ஏறவில்லை. அவள் பள்ளிக்கூடம் முடித்த வருடம் குவாரிக் கம்பெனி வேலி போட்டு, வீடுகளை இடித்துத் தள்ளி, அந்த இடத்தையே தோண்டிப் பள்ளமாக்கியது. வருவாய்த் துறைப் பதிவில் இன்றைக்கும் அது மேய்ச்சல் தரை. அங்கே மனிதர் யாரும் வாழ்ந்ததில்லை.

இப்போது, எல்லாம் முடிந்து ஒரு தலைமுறை கழித்து, குவாரியால் வீடிழந்தவர்களுக்கு மனை தருவதாக ஆணை வந்திருந்தது. அங்கிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் தண்டவாள ஓரத்தில் தகரம் அடித்து வாழ்ந்தன. அவளுடைய அண்ணனும் அங்கேதான். வெல்டிங் வேலை. ரயில் பாதையை அகலப்படுத்த வேண்டும், காலி செய்யுங்கள் என்று அங்கேயும் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. மனை கிடைத்தால் பிழைத்தார்கள், இல்லாவிட்டால் தெருதான். மனை கிடைக்க வேண்டுமானால், குவாரி வருமுன் அங்கே ஊர் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும்.

அவள் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, கெடைச்சிருச்சு. நம்ம பெட்டி. தபால்காரர் தினம் வந்து போனதுக்கு முத்திரை இருக்கு. ஆள் இல்லாத எடத்துக்கு எவன் பெட்டி வெப்பான்?"

அந்தப் பக்கம் வெல்டிங் சத்தம் நின்றது.

"மேய்ச்சல் தரைன்னானுங்க இல்ல? இனிமே எவனாவது நம்மள ஆடு மாடுன்னு சொல்லட்டும், பாத்துக்கலாம்" என்றான். சாயங்காலத்துக்குள் தண்டவாள ஓரம் முழுக்கச் செய்தி பரவி, வயிற்றில் பால் வார்த்தாள் மகராசி என்று அண்ணியிடம் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சல்லடையாயிற்றே. ஒரு புத்தகமும் விட்டுப்போகக் கூடாது என்று வருட வாரியாக அடுக்கி, பட்டியல் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கினாள். அதற்கப்புறம்தான் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். வீடுகளை இடித்த மாதத்திலும் ஏழு விழுந்திருந்தது. அதற்கடுத்த மாதத்திலும், அடுத்த வருடத்திலும் விழுந்திருந்தது. புத்தகம் சொல்கிறபடி பார்த்தால், தபால்காரர் வருடக்கணக்காகத் தினமும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஏறி வந்திருக்கிறார்.

அவர் இன்னும் உயிரோடுதான் இருந்தார். மகள் வீட்டுக் கூடத்தில், கால்களை முக்காலிமேல் நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டார்.

"சின்னப் புள்ளையில உன் கையில கூட அந்த முத்திரையக் குத்திவிட்டிருக்கேனே. நீட்டிக்கிட்டு ஓடி வருவ."

"இடிச்ச பெறவும் குத்தியிருக்கீங்களே, அது எப்படி?"

அவர் மறைக்கவில்லை. "பெட்டி இல்லன்னு எழுதினா நான் போற அந்த லைனையே எடுத்துடுவாங்கம்மா. லைன் போனா நானும் போனேன். அப்ப எனக்கு வேலை நிரந்தரமாகல. வீட்லயே வெச்சுக் குத்திட்டேன். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு? கடுதாசி போட அங்க ஆளே இல்லயே."

"பெட்டி கொட்டகையோட மண்ணுக்குள்ள போனத நான் பாத்தேன். முத்திரை எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

அவர் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அது… அதுக்கு முன்னாடியே சங்கிலிய அறுத்துட்டேன். கடுதாசி வந்தா கண்டிப்பா வருவேன்மா. வராத நாள்ல எதுக்கு அந்த வெயில்ல?"

"எவ்வளவு காலம் முன்னாடி?"

"ஞாபகம் இல்ல."

"இத எழுதிக் கொடுப்பீங்களா? ஊர் இருந்துச்சு, ஆள் இருந்தாங்கன்னு?"

"பென்ஷன்ல கை வெச்சிடுவாங்கம்மா" என்றார் அவர். கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ஆலைக்குப் போற லாரி வாசல்ல நிக்குதுல்ல?"

"நிக்குது."

"இடிச்சதுக்குப் பின்னாடி உள்ள புத்தகத்த எல்லாம் அதுல ஏத்திரு. எப்படியும் கூழாகப் போறதுதானே."

"பட்டியல்ல ஏத்தியாச்சுண்ணே. கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

"உனக்குக் குவார்ட்டர்ஸ் இருக்கு" என்றான் அண்ணன். "பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல."

மறுநாள் அந்தப் புத்தகங்களைக் கையில் சுமந்துகொண்டு லாரிவரைக்கும் போனாள். லாரிக்காரர் கையை நீட்டினார். அவள் அப்படியே நின்றாள். நேர்மையா, வேலை போய்விடும் என்ற பயமா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. இரண்டும் அவளுக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. லாரிக்காரர் சலித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மனை கேட்டு வந்த மனுக்களை விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா எனக்கு யாரும் பதிவேடு கொண்டாந்ததில்லம்மா" என்று பாராட்டினார். அப்புறம் கடைசிப் புத்தகத்தைத் திறந்தார்.

"இடிச்சதுக்கு அப்புறமும் முத்திரை இருக்கே."

"அது தபால்காரர் வீட்லயே வெச்சுக் குத்தினது சார்."

"அப்ப முன்னாடி உள்ளதும் வீட்ல குத்தினதுதான்னு கம்பெனி சொன்னா, நான் என்ன பதில் எழுதறது?"

"நான் அங்கதான் சார் பொறந்தேன்."

"அதுக்கு எதாவது இருக்கா?"

அவளுடைய பணிப்பதிவேட்டில் பிறந்த ஊர் என்ற இடத்தில் இந்த நகரத்தின் பேர்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று, பேரில்லாத ஊரை எப்படி எழுதுவது என்று அவளே எழுதியது. புத்தகங்களை வருட வாரியாகத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மனு தள்ளுபடி. ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும், ஊர் பள்ளமான பிறகும் விழுந்த முத்திரைகள் மிகவும் சுவாரசியமான செய்தி என்று நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.

இடிக்க வருவதற்கு முந்தின நாள் தண்டவாள ஓரத்துக்குப் போனாள். அண்ணி மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் வீட்டின் இரும்புக் கதவைக் கீலிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். அவனே தகடு வெட்டி, ஒட்டுப் போட்டுச் செய்த கதவு. கழன்றதும் நிமிர்ந்து பார்க்காமலே, "அந்தப் பக்கம் பிடி" என்றான். பிடித்தாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெருமுனை டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் நின்றான். அவளும் நிற்க வேண்டியதாயிற்று. தகட்டின் விளிம்பு விரல்களை அறுத்தது. பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பதுபோல, கதவின் அந்தக் கோடியிலிருந்து அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.