அந்தோனியாரின் கலர் பல்புகள்

வெள்ளவத்தையிலிருந்து துறைமுகம் வந்து சேர்வதற்குள் சிவபாலனுடைய பெட்டியை நாட்டின் முப்படையும் பார்த்து முடித்துவிட்டது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அதைத் திறந்து, உள்ளேயிருந்த காளான் போன்ற அன்ரெனாவைப் பெண் பார்க்க வந்தவர்கள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். 1998இல் ஒரு யாழ்ப்பாணத்தான் கொழும்பில் அன்ரெனாவோடு போவதைவிட, யானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவது சுலபம்.

அன்ரெனாவோடு பெட்டியிலிருந்த கருவியை விற்பதற்கு, துறைமுகத்தின் ஆழம் அளக்கும் படகில் அது வேலை செய்வதைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் திங்கட்கிழமை கம்பனிப் பக்கம் வரவேண்டாம் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்தால் அது சத்தியம்.

“இது என்ன செய்யும், தம்பி?” என்றார் படகோட்டி நிக்கலஸ். கொட்டாஞ்சேனைக்காரர்.

“மேல சுத்துற செய்மதி சொல்லுற இடம் நூறு மீற்றர் பிழையா இருக்கும், அண்ணை. கரையில ஒரு ரேடியோ நிலையம் நிக்குது. தான் நிக்கிற இடம் அதுக்குத் தெரியும். அதால, பிழை எவ்வளவு எண்டு பாத்து அனுப்பிக்கொண்டிருக்கும். இது அதைத் தேடிப் பிடிச்சு எங்கட இடத்தைத் திருத்தும்.”

“எந்தக் கரை?”

“இந்தியக் கரை.”

“அங்க இருந்தா? வழியில ஐடென்டிட்டி கார்ட் கேட்டு நிப்பாட்டியிருப்பாங்களே!”

“இதுக்கு ரெண்டு காது, அண்ணை. ஒண்டு பிடிச்ச நிலையத்தோட நிக்கும். மற்றது இதைவிட நல்லது இருக்கோ எண்டு தேடிக்கொண்டே இருக்கும்.”

“கலியாணம் கட்டின பிறகுமா? என்ட பொஞ்சாதி மெற்றில்டாவுக்குக் காட்டிடாதீங்க!”

கருவி தேடியது. சந்தையில் செருப்பைத் தொலைத்தவன்போல அலைவரிசைகளில் ஏறி இறங்கித் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. திரையில் படகு அலைதடுப்புக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. துறைமுகத்துக்காகக் கருவியைப் பார்த்து வாங்க வந்திருந்த கப்டன் பலீல் கடிகாரத்தைப் பார்த்தார். சிவபாலனுடைய வியர்வையில் துறைமுகத்தின் ஆழம் ஒரு சாண் கூடியது.

பக்கத்தில் ஏதோ ஒரு மின்சாரச் சாமான் சிக்னலை அமுக்கி இரைகிறது என்று கருவி காட்டியது. எஞ்சினை நிறுத்திப் பார்த்தான், இரைச்சல் குறையவில்லை. அண்ணாந்தான். சாமிக்குப் பக்கத்தில் இருந்தால் சகுனம் நல்லது என்று அவனே அன்ரெனாவைப் பூட்டிய இடத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார். அவரைச் சுற்றிக் கலர் பல்புகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. அன்ரெனாவைக் கழற்றி வேறிடம் பூட்ட நேரமில்லை.

“அண்ணை, அந்த லைற்றைக் கொஞ்சம் நிப்பாட்டேலுமோ?”

நிக்கலஸ் சிலுவை போட்டுக்கொண்டார். “மெற்றில்டாவின்ட நேத்திக்கடன். கடலில நிக்கிற நேரம் சாமிக்கு முன்னால வெளிச்சம் இல்லாம இருக்கக்கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா நான் வீட்டுக்குப் போகத் தேவையில்ல, நேரே களனி ஆத்தில இறங்கிடலாம்.”

“வெளிச்சம்தானே வேணும்?”

கரண்ட் வெட்டுக்குப் பயந்து சிவபாலன் எப்போதும் டோர்ச்சும் கையுமாகவே திரிபவன். அதை அடித்து அந்தோனியாரின் முகத்துக்கு நேரே பிடித்தான். அதன் பிறகே நிக்கலஸ் பல்புகளை நிறுத்தினார்.

ஒரு மூச்சு நேரம். கருவி இந்தியக் கரையைப் பிடித்துக்கொண்டது. திரையில் கல்லின்மேல் இருந்த படகு நல்ல பிள்ளையாக இறங்கித் தண்ணீருக்கு வந்தது.

துறைமுக வாயில் முழுவதும் போய் வந்தார்கள். பிடித்த சிக்னல் நழுவவில்லை. சிவபாலனும் பிடித்த கையை இறக்கவில்லை.

“ஆட்டாதீங்க தம்பி, சாமிக்குக் கண் கூசும்,” என்றார் நிக்கலஸ்.

கப்டன் பலீல் திரையைப் பார்த்தார். பிறகு சிவபாலனைப் பார்த்தார். “மெஷின் நல்லம். எடுக்கிறோம். இந்த மனிசனும் அதோட சேர்ந்துதான் வருவாரா?”

“ஓம் சேர். இவர் இப்பிடி நிக்காட்டி அது வேலை செய்யாது,” என்றார் நிக்கலஸ், சிரிப்பின் சாயலே இல்லாமல்.

இல்லை என்று கையாட்ட நினைத்தான் சிவபாலன். கையில் டோர்ச் இருந்தது.