கரையிலிருந்து கூப்பிட்ட பெயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் மீனுக்கு உப்புப் போடும் வேலையில் பத்து வருஷம் இருந்தவன் நான். ஒரு மாடு கடலில் நீந்துவதைப் பார்த்த நாளிலிருந்து இந்தக் கதை என்னை விடவில்லை. அம்மாடி, அவ்வளவு பெரிய உடம்பும் தண்ணீருக்குள்; மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே!

2

"இளவெயில் காய்ந்த அந்தக் காலையில் ஓஸ்லா..." [நான் எழுதிய முதல் வரியே பொய். அன்று தூறிக்கொண்டிருந்தது.]

ஓஸ்லாவுக்கு இருந்தது ஒரே மாடு, அதுவும் சினை. கோடைக்குப் புல் எதிர்த் தீவில்தான். படகின் பின்னால் கயிற்றில் கட்டி, நீரோட்டம் ஓய்ந்திருக்கும் அரைமணிக்குள் நீந்தவைத்துக் கொண்டுபோக வேண்டும். அவள் புருஷன் கிப்பி துடுப்புப் போட்டான்; ஓஸ்லா படகின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் கயிறு நழுவியது. மாடு திறந்த கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

"யோவ், அவ கடலுக்குப் போறாய்யா!"

"தெரியுது. நீ வாயத் திறக்காத."

"பேரச் சொன்னா திரும்பிடுவா."

"படகுல உக்காந்துக்கிட்டு கரை மிருகத்தோட பேரச் சொல்லுவியா? அப்புறம் இந்தப் படகுல எவன் மீனுக்கு வருவான், உங்கப்பனா?"

3

[இங்கே மூன்று நாள் நின்றுவிட்டேன். கிப்பியை முரடனாக்கினால் எழுதுவது சுலபம். ஆனால் படகில் கரை மிருகத்தின் பெயரைச் சொன்னால் கடல் ஆளை எடுத்துக்கொள்ளும் என்பது அங்கே மீனவர் நம்பிக்கை; அவன் அண்ணன் கடலோடு போன அன்று, படகில் யாரோ பூனையைப் பெயர் சொல்லிப் பேசினார்களாம். இது திமிரில்லை, பயம்.]

முதலில் எழுதிய முடிவில் ஓஸ்லா மாட்டின் பெயரைக் கத்திவிடுகிறாள். அந்த வரியை அடித்துவிட்டேன். அந்தப் பயம் அவளுக்கும் உண்டு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

4

புறப்பட்ட கரையில் பக்கத்து வீட்டு இங்கா நின்றிருந்தாள். ஓஸ்லாவோடு ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். படகுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு, கரைக்குக் கிடையாது.

"ஃப்ளெக்கா! ஏ ஃப்ளெக்கா! இங்க வாடி, என் தங்கமே!"

ஊரே சேர்ந்துகொண்டது. முப்பது தொண்டை! கிப்பி துடுப்பை நிறுத்திவிட்டான். அவ்வளவு தண்ணீருக்கு நடுவே அந்தக் கொம்புகள் மெல்லத் திரும்பின. எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் நீரோட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. கரைக்கு இன்னும் தூரம் இருக்கிறது, ஃப்ளெக்கா களைத்துப்போயிருக்கிறாள். இதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் கரையில்தானே நிற்கிறீர்கள்? பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். கூப்பிடுங்கள். இன்னும் கொஞ்சம் சத்தமாக.