புள்ளி விழாத தெரு

அன்றைக்கு அப்துல் அஜீஸைப் பார்த்திருக்க வேண்டும். புது வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. அவர் வந்து உட்காருவதற்கு முன்பே அத்தர் வாசம் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டது. சமூக மன்றத்தில் சனிக்கிழமைப் பிற்பகல் கூட்டம். எந்த வட்டாரத்தில் என்னென்ன குற்றம் என்று போலீஸ் விளக்கப் போகிறது. கடைசியில், வருஷம் முழுக்க ஒரு புகாரும் வராத தெருவுக்குக் கேடயம். அது சிங்கப்பூர்த் தேக்காவில் அவர் கடை வைத்திருக்கும் தெரு. அங்கே கடைக்காரர் சங்கச் செயலாளரும் அவர்தான்.

சும்மா வந்த பேரா அது? யாராவது புகார் கொடுத்துவிட்டால் போலீஸ் தெருமுனையில் எச்சரிக்கைப் பலகை வைத்துவிடும். பலகையைப் பார்க்கிறவர்கள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். அதனால் எந்த வம்பும் முதலில் அஜீஸின் ஜவுளிக்கடைக்கு வர வேண்டும். ஆளுக்கொரு தே தாரிக் டீ குடித்துவிட்டுப் பேசி முடிக்க வேண்டும். திருடியவன் மன்னிப்புக் கேட்பான், அடித்தவன் கைகொடுப்பான். இப்படித்தான் தெரு சுத்தமானது, அதாவது காகிதத்தில்.

இன்ஸ்பெக்டர் வினுஷா திரையில் வரைபடத்தைப் போட்டார். சின்ன வயசு, யாழ்ப்பாணத்து வம்சம், ஆனால் பேச்சு அசல் சிங்கப்பூர்ப் பேச்சு.

"ரெட் டாட் எல்லாம் ரிப்போர்ட் ஆன கேஸ். இந்த மானபங்கக் கேஸை மட்டும் பாருங்க. ஒரே பேட்டர்ன் லா. லிப்ட்ல பொண்ணு தனியா இருக்கும்போது டெலிவரி ஆள் மாதிரி ஒருத்தன் ஏறுவான். தொப்பி, மாஸ்க், முகம் தெரியாது. அட்டைப்பெட்டியை டோருக்குக் குறுக்கா வச்சிடுவான், அந்தப் பொண்ணு வெளிய வர முடியாது. ஜூன்ல தோ பாயோ. அப்புறம் அங்க நின்னுபோச்சு. அக்டோபர்ல புக்கிட் பாஞ்சாங்ல ஸ்டார்ட் ஆச்சு."

அந்த அட்டைப்பெட்டியை அஜீஸுக்குத் தெரியும்.

போன வருஷம், நோன்பு பிறக்க ரெண்டு நாள் இருந்தது. அவர் கடைக்குத் துணிப் பெட்டிகள் கொண்டுவரும் நூர்தீன், மாடிக் கிடங்கு வாசலில் பெட்டியைக் குறுக்கே போட்டுவிட்டு, உள்ளே தனியாக இருந்த தங்கத்தின் மேல் கை வைத்துவிட்டான். தங்கம் அவர் கடையில் பல வருஷமாக விற்பனைக்கு நின்றவள். எப்படியோ பெட்டியைத் தாண்டிக் கீழே ஓடி வந்து, "நான் போலீசுக்குப் போறேன் முதலாளி" என்றாள்.

"போனா தெருவுக்கும் கெட்ட பேரு, உனக்கும் கெட்ட பேரு. நான் பாத்துக்கறேம்மா" என்றார் அஜீஸ். பெருநாளுக்குத் துணி எடுக்க வந்திருந்த அவர் மகள் அஃப்ரீன் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

நோன்பு பிறப்பதற்குள் மனக்கசப்பு உள்ளவர்கள் கைகொடுத்து மாப்புக் கேட்டுக்கொள்வது அந்தத் தெருப் பழக்கம். நூர்தீன் அழுதான், சத்தியம் செய்தான், அஜீஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அஜீஸ் மன்னித்தார். மன்னிக்க வேண்டியவள் தங்கம் என்பது அவருக்கும் தோன்றவில்லை, சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் அந்த வாரத்தோடு வேலைக்கு வரவில்லை. ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை.

மன்னித்தால் முழுசாக மன்னிக்க வேண்டும் என்பது அஜீஸின் கொள்கை. அதைக் காட்டவே அந்த நோன்பு முழுக்க, புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அஃப்ரீன் வீட்டுக்கு நோன்புக் கஞ்சியை நூர்தீன் கையிலேயே கொடுத்தனுப்பினார். பெருநாள் முடிந்ததும் தோ பாயோவில் கடை வைத்திருக்கும் காதர் மைதீனிடம் சொல்லி அவனுக்கு வேலையும் வாங்கித் தந்தார். சில மாதம் கழித்துக் காதர் மைதீன் போன் செய்து, "ஆள் சரிப்படலை பாய், பேசி அனுப்பிட்டேன்" என்றார். என்ன சரிப்படவில்லை என்று அஜீஸ் கேட்கவில்லை. பேசி அனுப்புவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா?

இப்போது அவர் கண்கள் திரையில் மகள் குடியிருக்கும் அடுக்குமாடி ப்ளாக்கைத் தேடின. பக்கத்து ப்ளாக்கில் சிவப்பு. எதிர் ப்ளாக்கில் சிவப்பு. அவள் ப்ளாக்கில் மட்டும் ஒன்றுமில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்துவிட்டுச் சுவரோரம் போய் அவளுக்குப் போன் போட்டார்.

"அஃப்ரீன், லிப்ட்ல தனியா போகாதேம்மா. அந்த நூர்தீன் அந்தப் பக்கம்தான் சுத்துறான்."

"யாரு சொன்னா உங்ககிட்ட?" என்றாள்.

"இங்க போலீஸ் மேப் காட்டுறாங்க. உங்க ப்ளாக்ல புள்ளி இல்ல, நீ பயப்படாதே."

"நான் சொல்லலையே அத்தா. சொன்னாத்தானே புள்ளி வைப்பாங்க."

"எப்போம்மா?"

"நவம்பர்ல. மாஸ்க் போட்டிருந்தும் ஆள் தெரிஞ்சுது. நீங்க மன்னிச்சவரு, கஞ்சி கொண்டுவர்ற அண்ணன்தானேன்னு சிரிச்சேன். பெட்டியோட வந்தாரு, நான்தான் அவருக்காக லிப்ட் டோரைப் பிடிச்சேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். தங்கம் அக்காகிட்ட சொன்னப்ப நானும் அங்கதானே நின்னேன்."

பாவி மனுஷன், மருமகன் பேரை மட்டும் எப்படியோ சொன்னார். "ஹுசைனுக்கு..?"

"தெரியும். அவர் நூர்தீனைத் தேடிப் பிடிச்சுப் பேசினாரு. நூர்தீன் கைகொடுத்து மாப்புக் கேட்டாரு, இவரும் விட்டுட்டாரு. உங்களை மாதிரியேதான் அத்தா. இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு."

"எங்க அனுப்பினாரு?"

"அதை யாரு கேட்டா?"

வரைபடம் இன்னும் திரையில் இருந்தது. இவ்வளவு நேரமும் சிவப்பைப் பார்த்துப் பயந்த அஜீஸ், இப்போது புள்ளியில்லாத இடங்களைப் பார்த்தார். ஊரில் முக்கால்வாசி இடம் அப்படித்தான் கிடந்தது. அதில் எந்தப் ப்ளாக்கில், எந்த லிப்ட்டில் அவன் இப்போது பெட்டியோடு நிற்கிறானோ.

ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மன்றமே கைதட்டியது. போகாமல் இருக்கலாம். போய், எங்கள் தெருவிலும் ஒரு புள்ளி வையுங்கள் என்று சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்பார்களே? தெருவுக்கும் கெட்ட பேரு, மகளுக்கும் கெட்ட பேரு. கால்கள் தாமாகவே மேடையை நோக்கி நடந்தன.

"அத்தா, ஒரே கைதட்டலா இருக்கே. எதுக்கு?" என்றாள் அஃப்ரீன்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இணைப்பைத் துண்டிக்கவில்லை. வினுஷா கேடயத்தை அவர் கையில் கொடுத்து, "ஒரு கேஸ்கூட இல்ல, கிரேட் அங்கிள்!" என்றார். சட்டைப்பைக்குள் அஃப்ரீன் கேட்டுக்கொண்டிருந்தாள். புகைப்படக்காரர் அஜீஸை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, சரியாகத் திரையிலிருந்த புக்கிட் பாஞ்சாங்குக்கு முன்னால் நிறுத்தினார்.

"சிரிங்க அங்கிள்."

அஜீஸ் சிரித்தார்.