பத்து கிராம்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தையைத் தராசில் வைப்பது அந்த வீட்டில் சட்டம். பால் குடித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், உடம்பில் துணி இருக்கக் கூடாது, மின்விசிறி ஓடக் கூடாது. கடைசி விதி, தராசு ரிப்பேர் தொழில் பார்க்கும் தராசுக்காரர் போட்டது. காற்று பட்டால் தட்டு பொய் சொல்லும் என்பார். "ஃபேனை நிறுத்திட்டுப் புள்ளைய வேக வைக்கிறீங்க" என்று அவர் மனைவி வாரம் தவறாமல் சொல்வாள், சொல்லிக்கொண்டே போய் சுவிட்சை அணைப்பாள். விரித்த துணியின் எடையைக் கழித்து, பூஜ்யம் வந்ததைப் பார்த்து அவர் தலையசைத்த பிறகுதான் குழந்தையை இறக்குவாள். அன்றைக்குத் தராசு காட்டியது மூன்று கிலோ நானூற்று முப்பது. போன வாரமும் அதேதான்.

குழந்தை தராசுக்காரரின் தங்கை பெற்றது. தங்கையும் அவள் கணவனும் வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தார்கள். அவள் சமையல், அவன் கார் ஓட்டுவான். ஒரு நாள் காலை அந்த வீட்டு முதலாளி மாடிப்படியின் கீழே இறந்து கிடந்தார். வழுக்கி விழுந்தார் என்றார்கள் இவர்கள். தள்ளிவிட்டார்கள் என்றது போலீஸ், ஆமாம் என்றது கோர்ட். இருவருக்கும் பதினெட்டு வருஷம், ஆளுக்கொரு சிறை. அப்போது அவளுக்கு ஆறு மாதம். குழந்தை சிறை ஆஸ்பத்திரியில் பிறந்தது. நாற்பத்தைந்தாம் நாள் தூதரகத்து ஆள் ஒருவர் அதை விமானத்தில் கொண்டுவந்து, நாலு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தாய்மாமனின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு ஃபைலும் வந்தது. குழந்தையின் இதயத்தில் ஓட்டை என்று அதில் எழுதியிருந்தது.

இங்கே பார்த்த டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். அடைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் உடம்பு தாங்க வேண்டும், நாலு கிலோ வரட்டும் என்றார். நாலு கிலோ என்ன பெரிய விஷயம் என்று தராசுக்காரர் நினைத்தார். நாளெல்லாம் கிலோக்களோடு புழங்குகிறவர் அல்லவா. குழந்தைக்கு அது மலையாக இருந்தது. பத்து வாய் குடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும், மூச்சு வாங்கும், அப்படியே தூங்கிப்போகும். இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பி, காதைத் தடவி, காலைச் சுண்டி, கெஞ்சிக் கூத்தாடி மனைவிதான் ஊட்டினாள். ஒரு நாளைக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து அவனுக்கு 'பத்து கிராம்' என்றே பேர் வைத்துவிட்டாள். சிறை ரிஜிஸ்டரில் அவனுக்கு நல்லதாக ஒரு பேர் இருந்தது. ஆபரேஷன் முடியட்டும், அதைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று இருவரும் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

நாத்தனார் பெற்ற பிள்ளையை அவள் இப்படி இடுப்பை விட்டு இறக்காமல் வளர்ப்பாள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில், பன்னிரண்டு வயது நாத்தனார் அவள் பரிமாறிய தட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணிக்குக் குறைச்சு அளக்கிற கை" என்று பட்டென்று சொல்லிவிட்டது. இருபது வருஷமாக அந்த வார்த்தையை அவள் தொலைக்காமல் வைத்திருந்தாள். ஒரே மகளும் கல்லூரி விடுதிக்குப் போய், இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்று காலை நீட்டிய நேரத்தில்தான் பத்து கிராம் வந்து சேர்ந்தான்.

வியாழன் மூன்று மணிக்குச் சிறையிலிருந்து போன் வரும். ஏழு நிமிஷம். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எல்லாம் கிடையாது. "அண்ணா, எவ்வளவு?" என்பாள் தங்கை. அவர் சொல்வார். அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். பிறகு அதைக் கடிதத்தில் எழுதி இன்னொரு சிறையிலிருக்கும் கணவனுக்கு அனுப்புவாள். அது போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும்.

குழந்தைக்குச் சளி பிடித்த வாரம் நாற்பது கிராம் இறங்கியது. தராசுக்காரர் உள்ளதை உள்ளபடி சொன்னார், வேறு மாதிரி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அடுத்த வியாழன் பேசியது வேறு ஒரு பெண். அங்கேயே அடைபட்டிருப்பவள், நம் பாஷைக்காரி. "உங்க தங்கச்சி ஆஸ்பத்திரில இருக்காங்க. புள்ள குடிக்காதப்ப எனக்கு மட்டும் எதுக்குன்னு நாலு நாளா தட்டைத் தொடல. ட்ரிப்ஸ் ஏத்தியிருக்காங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்லட்டும்?" என்றாள். அன்றைக்கு உள்ள எடை மூன்று கிலோ இருநூற்றுப் பத்து. தராசுக்காரரின் வாயில் வந்தது, "மூணு முந்நூறுன்னு சொல்லுங்க."

பொய்யில் ஒரு சங்கடம், அதை அப்படியே நிறுத்தி வைக்க முடியாது. மூன்று முந்நூறு சொன்னவர் அடுத்த வாரம் அதற்கு மேலேதான் சொல்லியாக வேண்டும். தங்கை சாப்பிட ஆரம்பித்தாள், குரல் தெளிந்தது, ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் ஐம்பது நூறு என்று ஏற்றிக்கொண்டு போனார். "புள்ளைக்கு ஏறல. உங்க வாயில மட்டும் வாரா வாரம் ஏறுது" என்றாள் மனைவி. அவருக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில், தராசைக் 'கொஞ்சம் பார்த்து' வைக்கச் சொல்லிக் கேட்காத கடைக்காரனே கிடையாது. ஒருத்தனுக்கும் அவர் மசிந்ததில்லை. அப்படிக் கேட்டான் என்பதற்காக ஒரு மீன்காரனின் கடைப் பக்கமே மூன்று வருஷம் போகாதவர்.

அன்றைக்கு, மூன்று கிலோ நானூற்று முப்பதிலேயே நின்ற அந்த வியாழன், அவர் போனில் மூன்று எண்ணூற்று அறுபது என்றார்.

"அப்ப அடுத்த வாரம் நாலு வந்துரும்ல?" என்றாள் தங்கை. அவள் குரல் பறந்தது. "அண்ணா, நான் இங்க எழுதிக் கொடுத்திருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை வீடியோல பாக்க விடறாங்களாம். அடுத்த வியாழன் காலைல பதினொரு மணி உங்களுக்கு. பத்து நிமிஷம். தராசுல வச்சுக் காட்டு. நம்ம தராசுல."

போனை வைத்துவிட்டு அவர் மனைவியிடம் வந்து சொன்னார். "சொல்லிடுங்க. அவ தாய். தாங்கிக்குவா" என்றாள் மனைவி. தாங்காமல்தானே ட்ரிப்ஸ் ஏற்றினார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த வாரம் முழுக்க இருவரும் குழந்தைக்குப் பால் கொடுப்பதைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. அவர் கடையைக்கூட மதியத்துக்கு மேல்தான் திறந்தார். குழந்தையும் தன்னால் முடிந்ததைச் செய்தான். வியாழன் காலை ஒன்பது மணிக்கு மூன்று நானூற்று அறுபது. முப்பது கிராம் ஏறியிருந்தான். வேறு ஒரு வாரமாக இருந்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள்.

மனைவி குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்துப்போனதும் அவர் தராசைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஐந்து கிலோவை வை என்று மெஷின் கேட்கும். எதை வைக்கிறோமோ அதையே ஐந்து கிலோ என்று நம்பிக்கொள்ளும், அதற்கு வேறு எதுவும் தெரியாது. அவர் நாலு கிலோ முந்நூறுக்கு எடைக்கற்களை அடுக்கினார். ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார், குழந்தை நாலு கிலோவுக்கு இருபது இருபத்தைந்து கிராம் மேலே காட்டுவான். நூறு கிராம் கல் கை தவறித் தரையில் உருண்டது. இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த அப்பா இருந்திருந்தால் அந்தக் கையை முறித்திருப்பார்.

ஈரத் தலையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவி வாசற்படியில் நின்றாள். "என்ன பண்றீங்க?"

"சரி பண்றேன்."

அவள் கற்களைப் பார்த்தாள், திறந்து கிடந்த மூடியைப் பார்த்தாள். இருபது வருஷம் தராசுக்காரரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு விளக்க வேண்டியதில்லை. "புள்ளைய நான் தூக்கி வைக்கிறேன். ஆனா என் வாயால எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

பதினொரு மணிக்குத் திரை விழித்தது. தங்கையின் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு காவல்காரி நின்றாள், மூலையில் நிமிஷங்கள் பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. மனைவி குழந்தையை முகத்தோடு முகமாகப் போனுக்கு எதிரே பிடித்தாள். தங்கை அழவில்லை. அவள் கண் மட்டும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே போய்வந்தது. அரை நிமிஷம் கழித்து, "காது அவங்கப்பா காது" என்றாள்.

"சரி, வை அண்ணா."

மனைவி குழந்தையோடு குனிந்தாள்.

"இருங்க அண்ணி. அண்ணா, முதல்ல ஒரு கிலோ கல்ல வை."

ஒரு வாரமாக எல்லாவற்றையும் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை. தராசை ஏமாற்றத் தெரிந்தவருக்கு, எதிரே இருப்பது யார் என்பது மறந்துபோயிருந்தது. அப்பா கடையில் ரிப்பேர் முடிந்த எந்தத் தராசும் ஒரு கிலோ கல்லை ஏற்றிக் காட்டாமல் வெளியே போனதில்லை. பள்ளிக்கூட உடுப்போடு ஓடிவந்து அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தவள் இவள்தான். கல் கடையில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அது தட்டுக்குப் பக்கத்திலேயே, அவள் பார்வை படும் இடத்தில் உட்கார்ந்திருந்தது. எடுத்து வைத்தார்.

ஒரு கிலோ நூற்று அறுபத்தைந்து.

"வேணும்னே பண்ணியா?" என்றாள்.

"ஆமா."

"நான் சாப்பிடணும்னா?"

"ஆமாம்மா."

"உள்ளது எவ்வளவு?"

"மூணு நானூத்தி அறுபது."

அவள் அதை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "இங்க நான் சொன்னதை ஒருத்தர்கூட நம்பல அண்ணா" என்றாள். "முதலாளி வழுக்கித்தான் விழுந்தாருன்னு எத்தனை பேர்கிட்ட எத்தனை தடவ சொன்னேன். நீ ஒருத்தன் சொல்றதாவது நெசம்னு நெனச்சுத்தான் வாரா வாரம் போன் வரிசைல நிக்கிறேன்."

இத்தனை மாதத்தில் தராசுக்காரர் அவளிடம் அன்று என்ன நடந்தது என்று கேட்டதே இல்லை. கேட்காததற்கு ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தார், ஏழு நிமிஷம்தான், அழுதுவிடுவாள் என்றெல்லாம். இப்போது, தட்டில் அந்தக் கல் உட்கார்ந்திருக்க, அவளை நம்பினார். நம்பிய பிறகுதான், அதுவரை தான் நம்பியிருக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அவமானமாக இருந்தது.

"சரி பண்ணு. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

"நேரம் போயிடும்மா. புள்ளைய பாரு."

"அண்ணி காட்டுவாங்க. நீ சரி பண்ணு."

அவர் தராசைக் கவிழ்த்தார். மூடி, பொத்தான், மெஷின் மறுபடி ஐந்து கிலோ கேட்டது. இரண்டு, இரண்டு, ஒன்று என்று எண்ணி வைத்தார். பக்கத்தில் இரண்டு பெண்களும் பேசுவது காதில் விழுந்தது. இளைச்சிருந்தாலும் முகம் தெளிவாக இருக்கிறது என்றாள் தங்கை. எப்படி அண்ணி குடிக்க வைக்கிறீங்க என்றாள்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான். நிறைய கொடுத்தா களைச்சுப் போறான். நமக்குத்தான் குறைச்சு அளக்கிற கையாச்சே, அது இவனுக்கு ஒத்துக்கிச்சு."

தங்கை சிரித்தாள், சிரித்தது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, "அதை இன்னுமா அண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். "வச்சிருக்காம?" என்றாள் இவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

தராசு தயாரானது. ஒரு கிலோ கல்லை ஏற்றினார். ஒன்றுக்குப் பின்னால் மூன்று பூஜ்யம். போனைத் திருப்பி அவளுக்குக் காட்டினார், அவள் தலையசைத்தாள். அப்பாவும் இப்படித்தான் அசைப்பார். "ஏறினாலும் சொல்லு, இறங்கினாலும் சொல்லு. ரெண்டுக்கும் சாப்பிடறேன். இவங்கப்பாவுக்கும் நானே எழுதிடறேன்" என்றாள்.

மூலையில் நாற்பது நொடி. மனைவி துணியை உருவிவிட்டுக் குழந்தையைத் தட்டில் இறக்கினாள். எப்போதும் களைத்துக் கிடப்பவன், புதுக் குரல் கேட்டதாலோ, ஈரத்தில் குளிரெடுத்ததாலோ, அன்றைக்குக் காலை உதைத்தான். எண் நிற்கவில்லை. தராசுக்காரர் பதறி, "காலைப் புடி, காலைப் புடி" என்றார்.

"புடிக்காதீங்க அண்ணி. உதைக்கட்டும்."

மனைவி நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். குழந்தை இரண்டு காலையும் மாற்றி மாற்றி உதைத்தான். தராசு மூன்று நானூற்று முப்பத்தைந்து என்றது, நானூற்றுத் தொண்ணூறு என்றது, மறுபடி நானூற்று ஐம்பது என்றது. ஒவ்வொரு எண்ணுக்கும் திரையில் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.