தவளையின் வீட்டம்மா எழுதுகிறேன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன கணவன், சமையலறை ஜன்னலில் வெயில் இறங்கிய பிறகும் வரவில்லை. போன் அடித்தால், நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. அந்த இனிமையை அவள் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள்.

"இன்னொரு தடவை அடிச்சுப் பாரு," என்றாள் நாத்தனார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். தம்பி வீட்டில் சாப்பிடலாம் என்று லீவு போட்டுவிட்டு வந்து, மூடி வைத்த பாத்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "அக்கா வரேன்னா ஓடி ஒளியற பழக்கம் அவனுக்குச் சின்ன வயசுலேயே உண்டு. ஆனா சாப்பாட்டை விட்டுட்டு ஓட மாட்டான்."

கேலிதான். சொன்னவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"யாரைப் பார்க்கப் போறேன்னு சொன்னான்?"

"கம்ப்யூட்டர்ல பழக்கமான ஆளு ஒருத்தரு."

"பேரு?"

அவள் தயங்கினாள். "ஒட்டகம்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவளும் என்ன செய்வாள்? அலுவலகம் அலுவலகமாகப் போய் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிற அவள் கணவனுக்கு, ஒரு வருஷமாக இந்தப் பித்து. எந்த அரசாங்கமும் அச்சடிக்காத ஒரு நாணயம். கம்ப்யூட்டர்கள் விடிய விடியக் கணக்குப் போட்டு அதை உண்டாக்குகின்றன. அக்கம்பக்கத்தில் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. இணையத்தில் அதற்கென்று ஒரு மன்றம் இருந்தது. அதன் ஒரு மூலையில் தமிழ்க்காரர்கள் கொஞ்சம் பேர் கூடிப் பேசினார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அவள் கணவன் அங்கே தவளை. தன்னிடமிருந்த நாணயங்களில் கொஞ்சத்தைக் கொடுத்து, ஒட்டகம் என்பவரிடமிருந்து இரண்டு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போயிருந்தான். அது இருந்தால் கம்ப்யூட்டர் இன்னும் வேகமாகக் கணக்குப் போடுமாம்.

"தவளை, ஒட்டகம்... இன்னும் யாரெல்லாம் இருக்காங்க?"

"தபால்காரன். மின்கம்பம். கொசுவலைன்னு ஒருத்தர்தான் மன்றத்தைப் பார்த்துக்கறாரு."

"நல்லவேளை, கொசுவலையாவது இருக்கே," என்ற நாத்தனார், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "போலீசுக்குப் போன் பண்ணலாமா?"

"பண்ணிட்டேன்க்கா. பெரிய மனுஷன்தானே, ராத்திரி வரைக்கும் பாருங்கன்னாங்க. பார்க்கப் போன ஆள் பேரைக் கேட்டாங்க. சொன்னேன். வெச்சுட்டாங்க."

இருவரும் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போனார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். பில் போடுகிற அளவுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். ஆனால் மன்றத்தின் பக்கம் திறந்தபடியே இருந்தது. மேல் ஓரத்தில் ஒரு பச்சைத் தவளைப் படம். தனிக்கடிதங்கள் என்று இருந்த இடத்தைத் தட்டினாள். காலி. எங்கே சந்திப்பது என்பதைத் தனிக்கடிதத்தில் மட்டும் எழுதுவதும், படித்ததும் அழித்துவிடுவதும் அவர்கள் பழக்கம். பாதுகாப்புக்காம்.

வேறு ஏதாவது தெரியுமா என்று கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கை நின்றது. வேறு ஊரில் யாரோ ஒரு உறுப்பினர். நாணயம் மாற்றப் போன இடத்தில் இரண்டு பேர் கத்தியைக் காட்டி, காரில் உட்கார வைத்து, மடிக்கணினியைத் திறக்கச் சொல்லி, மொத்தத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, போகும்போது வயிற்றில் ஒரு குத்தும் குத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவரே எழுதியிருந்தார். அதன் கீழே அவள் கணவன் எழுதியிருந்தான்: 'சீக்கிரம் தேறி வாங்க நண்பரே. நாமெல்லாம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கணும்.'

நாத்தனாரும் அதைப் படித்துவிட்டாள். அவள் முதுகில் கையை வைத்தாள்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

'தவளையின் வீட்டம்மா எழுதுகிறேன். அவர் ஒட்டகம் என்பவரைப் பார்க்கக் காலையில் போனார். இன்னும் வரவில்லை. போன் கிடைக்கவில்லை. எங்கே சந்திப்பதாக இருந்தார்கள் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.'

பதில் வர நேரமாகவில்லை.

மின்கம்பம்: 'ஆஹா. வந்துட்டாங்கய்யா வீட்டம்மா.'

இன்னொருவர்: 'போன மாசம் அண்ணன் பையனா வந்தீங்க. இந்த மாசம் பொண்டாட்டியா? முன்னேற்றம்தான்.'

கொசுவலை: 'தவளையின் சாவிக் கையெழுத்து எங்கே?'

அவளுக்குப் புரியவில்லை. கையெழுத்து என்றால் என்ன என்று கேட்டாள். அதுவே தப்பாகிவிட்டது. அது தெரியாதவர் தவளையின் வீட்டில் எப்படி இருக்க முடியும் என்று மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொருவரிடமும் ஒரு ரகசியச் சாவி உண்டு, அது ஒரு நீளமான எண். அதை வைத்து எழுதியதன் அடியில் ஒரு குறியீட்டை உண்டாக்கலாம். அந்தச் சாவி இல்லாத யாராலும் அதைப் போல எழுத முடியாது. கணவனின் சாவி, அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற சின்னப் பென்டிரைவில் இருந்தது. அது அவனோடு போய்விட்டது.

'சாவி அவரிடம் இருக்கிறது. அவர்தான் காணவில்லை' என்று எழுதினாள்.

கொசுவலை பதிலுக்கு ஒரு பழைய பதிவை எடுத்துப் போட்டார். எழுதியவர்: தவளை.

'நண்பர்களே, மின்கம்பத்தின் கணக்கைத் திருடி, அவர் அண்ணன் மகன் என்று அழுது நம்மை ஏமாற்றினானே, அதற்குப் பிறகு ஒரு விதி வேண்டும். என் பெயரில் யார் வந்து என்ன எழுதினாலும், சாவிக் கையெழுத்து இல்லாவிட்டால் நம்பாதீர்கள். என்னைக் கடத்திவிட்டார்கள் என்றாலும் சரி, என் மனைவி அழுகிறாள் என்றாலும் சரி. இரக்கப்படாதீர்கள். யாருடைய முகவரியையும் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கை உடனே முடக்குங்கள்.'

அதன் கீழே வரிசையாக எல்லோரும் கை தட்டியிருந்தார்கள்.

"படுபாவி," என்றாள் நாத்தனார். "தான் தொலைஞ்சா யாரும் தேடக் கூடாதுன்னு சட்டம் போட்டு வெச்சிருக்கான்."

அவள் ஒரு வரியை மட்டும் மறுபடி படித்தாள். என் மனைவி அழுகிறாள் என்றாலும் சரி. அதை எழுதும்போது அவன் பக்கத்து அறையில் அவள் இருந்திருப்பாள். சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பான். அவன் எழுதுகிறபோது சிரிப்பது அவளுக்குத் தெரியும்.

கொசுவலை எழுதினார்: 'விதிப்படி கணக்கை முடக்கப் போகிறேன். தவளையே, நிஜமாகவே நீர் என்றால், கையெழுத்தோடு திரும்பி வாரும். ஒட்டகம், நீர் இங்கே வாயே திறக்காதீர்.'

ஆக, ஒட்டகம் இதைப் படித்துக்கொண்டிருக்கிறான். அவள் கணவன் எங்கே என்று தெரிந்த ஒரே மனிதன் இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கணக்கை மூடிவிட்டால் அந்த மனிதனைக் கூப்பிட அவளுக்கு வேறு வழி இல்லை.

'முடக்காதீர்கள்' என்று தட்டினாள். 'காலில் விழுகிறேன்.' தட்டியதும், ஒரு திருடன்கூட இப்படித்தான் எழுதுவான் என்று அவளுக்கே தோன்றியது.

அப்போது தனிக்கடிதப் பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி. தபால்காரன்.

'கொசுவலையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கேன். ஒரே ஒரு கேள்வி. போன மழைக்காலத்துல தவளை கொஞ்ச நாள் மன்றத்துப் பக்கமே வரலை. ஏன்னு என்கிட்ட மட்டும் போன்ல சொன்னான். எங்கேயும் எழுதலை. நீங்க அவன் மனைவின்னா, ஏன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.'

அவள் கைகள் விசைப்பலகையின் மேலேயே நின்றுவிட்டன.

நாத்தனார் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன ஆச்சு அப்போ? ஏதோ வேலை ஜாஸ்தின்னுல்ல சொன்னான்? எழுது."

"அக்கா, கொஞ்சம் தண்ணி கொண்டு வரீங்களா?"

"தண்ணியாவது ஒண்ணாவது. முதல்ல எழுது. மூடிடப் போறான்."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் சத்தியம் வாங்கியிருந்தாள். அவனுடைய அக்காவிடம் முக்கியமாக. தங்கினதே யாருக்கும் தெரியாது, கலைந்ததும் தெரிய வேண்டாம் என்று. அந்தச் சத்தியத்தை அவன் ஒரு முகம் தெரியாத ஆளிடம் மீறியிருக்கிறான். கோபம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. அவருக்கும் சொல்லி அழ ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

தட்டினாள். 'எங்கள் குழந்தை மூன்றாம் மாசத்தில் கலைந்துவிட்டது. நான் தூங்க வேண்டும் என்று அவர் இந்த மெஷினை நிறுத்தி வைத்தார். அதன் சத்தம் இல்லாவிட்டால் என்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. திரும்ப ஓட்டச் சொல்லி நான்தான் கேட்டேன்.'

பின்னால் நாத்தனார் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. ஊசி குத்திப் பழகிய அந்தக் கை அவள் தலைமுடியை ஒரு முறை கோதியது. அவ்வளவுதான்.

தபால்காரன்: 'மன்னிச்சிடும்மா.'

அடுத்த கணம் பொதுப் பக்கத்தில் அவர் பதிவு வந்தது. 'இது தவளையின் மனைவிதான். நான் பொறுப்பு. தப்பென்றால் என்னைத் தள்ளி வையுங்கள்.' அதன் அடியில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான வரி. அவருடைய சாவிக் கையெழுத்து. அந்த ஒரு வரிக்குப் பிறகு மன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை.

ஒட்டகம் எழுதினான். அவசரத்தில் பாதி எழுத்துகள் பிசகியிருந்தன.

'ஆளைக் காணோம்னதும் நான் அவரையே திருடன்னு நினைச்சிட்டேன். என் மச்சான் ஆபீஸ்ல பார்க்கறதா இருந்தோம், ஆறாவது மாடி. கீழே வந்துட்டேன், மேல வரேன்னு மெசேஜ் வந்துச்சு. அப்புறம் ஆளே வரலை. கரன்ட் வேற அப்பவே போச்சு. போனும் போகலை. ரொம்ப நேரம் பார்த்துட்டு, படியில இறங்கிப் போயிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் அங்க மெயினையே அணைச்சிடுவாங்க. திங்கக்கிழமைதான் போடுவாங்க.'

அவள் இரண்டு முறை படித்தாள்.

'ஏன் படியில் இறங்கினீர்கள்?'

'லிஃப்ட் வேலை செய்யலையே.'

எழுதியவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு சொல் வந்தது. 'ஐயோ.'

அதற்குப் பின் முகவரி வந்தது.

நாத்தனாரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. கத்தியும் காரும். ஒட்டகம் சொன்னதெல்லாம் நிஜம்தானா? பூட்டிய கட்டடத்துக்கு இரண்டு பெண்களை வரவழைக்க இதைவிட நல்ல கதை கிடைக்குமா?

"அக்கா, அந்த ஆள் நல்லவனா இல்லாட்டி?"

"எத்தனையோ பயில்வான் என் ஊசியைப் பார்த்தே மயங்கி விழுந்திருக்கான். பேசாம கெட்டியாப் பிடிச்சுக்க." சொன்னவளின் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் நடுக்கம் என்று இருவருமே பாவித்துக்கொண்டார்கள்.

கட்டடத்தின் வாசலில் குட்டையாக, குண்டாக ஒருவன் ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். இவர்களைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினான்.

"தவளை... வீட்டம்மா?"

"நீங்கதான் ஒட்டகமா? கழுத்தையே காணோம்," என்றாள் நாத்தனார்.

அவன் காவலாளியை ஏற்கெனவே எழுப்பி வைத்திருந்தான். சனிக்கிழமை யாரும் இருக்க மாட்டாங்கம்மா, மணி அடிச்சா எனக்குக் கேட்டிருக்கும்மா என்று காவலாளி புலம்பியபடி பூட்டைத் திறந்தார். லிஃப்டின் மணி பல மாதமாக அடிப்பதில்லை என்று பிறகுதான் சொன்னார். மெயினைப் போடலாமா என்று ஒட்டகம் கேட்டான். மெக்கானிக் வராமல் போடவே கூடாது, எங்கே நிற்கிறதோ, எப்படி இழுக்குமோ என்றார் காவலாளி. மெக்கானிக் வந்துகொண்டிருந்தார்.

கைவிளக்கோடு படியேறினார்கள். முதல் மாடியில் அவள் லிஃப்ட் கதவை உள்ளங்கையால் அறைந்தாள். "என்னங்க!" சத்தம் உள்ளே போய் எங்கோ அமிழ்ந்தது. இரண்டாம் மாடி. ஒன்றுமில்லை. மூச்சு முட்டுகிற புழுக்கம். ஜன்னல் இல்லாத படிக்கட்டிலேயே இப்படி என்றால் அந்தப் பெட்டிக்குள்? மூன்றாம் மாடியில் கதவில் காதை வைத்தாள். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. ஒரு மனிதன் உள்ளே இருந்தால் இந்நேரம் பதில் தட்டியிருப்பான்.

நான்காம் மாடிக்கு வந்தபோது அவள் உள்ளங்கை கன்றியிருந்தது. கதவை அறைய முடியவில்லை. விரல் முட்டியால் தட்டினாள், வீட்டுக் கதவைத் தட்டுவது போல.

உள்ளிருந்து, கொஞ்சம் கீழேயிருந்து, ஒரு தட்டல் வந்தது.

காவலாளி கம்பியைக் கொடுத்து நெம்பினார். ஒட்டகம் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோளைக் கொடுத்தான். நாலு விரல் அகலம் கதவு விலகியது. வெந்த காற்று முகத்தில் அடித்தது. அவள் தரையில் குப்புறப் படுத்து, அந்த இடுக்குக்குள் தோள்வரை கையை விட்டாள். இருட்டில் ஈரமாக ஒரு கை வந்து அவள் கையைப் பற்றியது.

"யாரு?" குரல் காய்ந்து போயிருந்தது.

"நான்தாங்க."

அந்தப் பிடி இறுகியது.

"டேய், மூச்சு விட முடியுதா? தலை சுத்துதா? சொல்லுடா!" நாத்தனார் கத்தினாள்.

"அக்காவா? சாப்பிட்டியா?"

"வெளியில வா, உன்னைத்தான் சாப்பிடப் போறேன்," என்று சொல்லிவிட்டு நாத்தனார் சுவரோரமாகத் திரும்பி நின்று அழுதாள்.

"மன்றத்துல கேட்டியா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"கேட்டேன்."

"நம்பியிருக்க மாட்டாங்களே." அவன் மூச்சு வாங்கியது. "நான்தானே எழுதி வெச்சேன். உள்ள உக்காந்து அதையேதான் நினைச்சிட்டிருந்தேன். நீ கேப்பே, எல்லாரும் உன்னைத் திருடின்னு சொல்லுவாங்க, கணக்கை மூடிடுவாங்க... கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அப்புறம் அதையும் விட்டுட்டேன்."

"பேசாதீங்க. மூச்சை வீணாக்காதீங்க."

"எப்படி நம்ப வெச்சே?"

அவள் கன்னம் தூசியில் அழுந்தியிருந்தது. ஒட்டகமும் காவலாளியும் பக்கத்தில் நின்றார்கள். "நிஜத்தைச் சொன்னேன்," என்றாள்.

அவன் எந்த நிஜம் என்று கேட்கவில்லை. அவன் விரல்கள் அவள் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைந்து கோத்துக்கொண்டன.

படியில் கனமான பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. மெக்கானிக் விளக்கை இடுக்கில் அடித்துப் பார்த்தார். மேலே, கீழே, மறுபடியும் மேலே. "இப்பப் பெட்டியைக் கையால சுத்தி மேல ஏத்தப் போறோம்மா. கையை வெளியில எடுங்க. நசுங்கிடும்."

"சரி," என்றாள் அவள்.

"எடுங்கம்மா."

"எடுத்துட்டேன்," என்றாள். எடுக்கவில்லை. கடைசியில் நாத்தனார்தான் குனிந்து, ரத்தம் எடுக்கும்போது குழந்தைகளின் மூடிய கையைப் பிரிப்பது போல, ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.