பிலோமினா விழுந்த சாரம்

பொழுது பலபலவென்று விடியும்போதே ஜீவமணியின் கை மணல் சல்லடையில் இருந்தது. காயல்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கிற அந்த மாடிவீட்டின் சுவரெல்லாம் உப்பேறிப் பூச்சு புடைத்துக் கிடந்தது. கொத்தனார் முத்துச்செல்வம் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும், காரை பாளம் பாளமாக உதிரும். தூசி வியர்வையோடு சேர்ந்து கழுத்து மடிப்பில் எரியும். உதட்டை நக்கினால் உப்பும் சிமெண்டும்தான்.

ஆலந்தலைக்காரி பிலோமினா கலவையை மண்வெட்டியால் புரட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் பாட்டில் பக்கத்திலேயே இருந்தும் தொடவில்லை. ஜீவமணியும் தொடவில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. வேலை தொடங்கிய அன்றே காண்ட்ராக்டர் டிக்சன் சொல்லிவிட்டான்: “வீட்டுக்காரம்மா கண்டிசனாச் சொல்லிட்டாவ. கக்கூஸ் பக்கம் ஒருத்தியும் போவக் கூடாது.” சுற்றிலும் வீடுகள். ஒரு முள்மரத்து மறைவுகூட இல்லை. சாயங்காலம் வரைக்கும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே மண் சுமந்தார்கள்.

எல்லோரும் அக்கா முறையில் ‘லாத்தா’ என்று கூப்பிடும் வீட்டுக்காரி பதுருன்னிஸாவின் கணவர் துபாயில் இருந்தார். பூச்சு வேலைக்கு நல்ல ஆளாகத் தேடி, பலரிடம் விசாரித்துத்தான் அவள் டிக்சனைப் பிடித்தாள். அவன் வெள்ளைச் சட்டையும் காருமாக வந்து, தான் கட்டிய வீடுகளைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். செங்கல் தெரியும்வரை கொத்தி எடுப்போம், துருப்பிடித்த கம்பிக்கு மருந்தடிப்போம், இரும்புச் சாரம்தான் போடுவோம் என்றெல்லாம் சொன்னான்.

வந்து இறங்கியதோ பழைய சவுக்குக் கம்புகளும் மழையில் கிடந்து இத்துப்போன கயிறும்.

“அண்ணாச்சி, கயிறு கையிலயே பிரியுது” என்றான் முத்துச்செல்வம்.

“ஏலே, பூசுறது ஒன் வேல. கயித்த நான் பாத்துக்கிடுதேன். கைக்கு வர்றத மட்டும் கொத்து. மிச்சத்துக்கு மேலயே பூசிட்டுப் போ.”

அன்று வெயில் ஏறத் தொடங்கிய நேரம். பிலோமினா தலையில் கலவைச் சட்டியோடு சாரத்துப் பலகையில் கால் வைத்தாள். எங்கோ கயிறு ‘பட்’டென்று தெறித்தது. பலகை ஒரு பக்கமாகச் சரிந்தது. “மாதாவே!” என்ற சத்தம்தான் முதலில் தரைக்கு வந்தது. பிறகு சட்டி. பிறகு அவள்.

உடைத்துப் போட்ட காரைக் குவியலின் மேல் விழுந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது.

காரிலிருந்து இறங்கி ஓடிவந்த டிக்சன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் கலவையைப் பார்த்தான்.

“ஏளா ஜீவமணி, கலவ இறுகிரும், தண்ணியத் தெளி. அந்த ரத்தத்து மேல ரெண்டு சட்டி மணலப் போடு. லாத்தா பாத்தா பயந்துருவாவ.”

இத்தனை வருஷம் சொன்னதைச் செய்து பழகிய கை. ஜீவமணி ஒரு சட்டி மணலை அள்ளிக் கொட்டியே விட்டாள். இரண்டாவது சட்டியைத் தூக்கும்போதுதான் பார்த்தாள்: கொட்டிய மணலில் சிவப்பு மெல்ல ஊறி மேலே வந்துகொண்டிருந்தது. அவன் மேலா, தன் கையின் மேலா, எதன் மேல் அருவருப்பு என்று பிரிக்க முடியவில்லை. காறித் துப்பினாள். சட்டியை வீசி எறிந்துவிட்டுப் பிலோமினாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முத்துச்செல்வம் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து, மட்டப்பலகையைக் காலோடு சேர்த்துக் கட்டினான். அந்த நேரத்தில் டிக்சன் என்ன செய்தான் தெரியுமா? அறுந்த கயிற்றைச் சுருட்டிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டுப் பதுருன்னிஸா வாசலுக்கு ஓடிவந்தாள்.

“மயக்கம் லாத்தா, வேற ஒண்ணுமில்ல” என்றான் டிக்சன். “வெயில்ல நிக்கிறாளுவ, ஒழுங்கா தண்ணி குடிக்க மாட்டாளுவ. எத்தன தடவ சொல்லுதேன்!”

ஜீவமணி நிமிர்ந்தாள். “எப்படிக் குடிக்க? ஒங்க வீட்டுக் கக்கூஸ் பக்கம் நாங்க வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய லாத்தா?”

“நானா?” பதுருன்னிஸாவின் முகம் வெளிறியது. “அல்லாஹ் மேல ஆணையா நான் அப்படிச் சொல்லல. பொறவாசல் கக்கூஸ் ஒங்களுக்குன்னு மொத நாளே இவர்ட்டச் சாவி குடுத்தேனே!”

எல்லோரும் டிக்சனைப் பார்த்தார்கள். “உள்ள வெளியன்னு நடந்துக்கிட்டிருந்தா வேல எப்பம் முடியும்?” என்றான் அவன், நியாயம் கேட்கிறவன்போல.

பதுருன்னிஸா உடனே ஆட்டோவை வரவழைத்து, பிலோமினாவோடு தானும் ஏறித் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் டிக்சன் குரலைத் தாழ்த்தினான். “யாரு கேட்டாலும், அவ வீட்ல வழுக்கி விழுந்தான்னு சொல்லணும். தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் வரைக்கும் எந்தக் காண்ட்ராக்டரும் எனக்குத் தெரிஞ்சவன்தான். நெனப்பு இருக்கட்டும்.”

“அப்படிப் பொய் சொல்ல மாட்டேன்” என்றாள் ஜீவமணி. “அந்தச் சாரத்துல ஏறவும் மாட்டேன்.”

முத்துச்செல்வம் கரண்டியைக் கழுவிப் பைக்குள் வைத்தான். அவனுக்கு வீட்டில் சின்னஞ்சிறுசுகள். பையைத் தோளில் மாட்டினான். “நானும் ஏற மாட்டேன் அண்ணாச்சி” என்றான்.

மறுநாள் காலையில் டிக்சனின் வேன் வந்தது. உடன்குடிப் பக்கத்துச் சித்தாள்கள் இருவர், ஒரு கொத்தனார். புதுக் கயிறு எதுவும் இல்லை. சாரத்தின் அடியில் ஜீவமணியும் முத்துச்செல்வமும் நின்றார்கள். கேட்டைத் திறந்துவைத்துப் பதுருன்னிஸா நின்றாள்.

“வழிய விடுங்க. இது நான் எடுத்த வேல” என்றான் டிக்சன்.

“இது என் வீடு” என்றாள் பதுருன்னிஸா. “இந்தச் சாரத்துல இனி ஆள் ஏறக் கூடாது. விசாரிக்க வர்றவங்ககிட்ட நான் பாத்ததயும் பிலோமினா சொன்னதயும் சொல்லுவேன்.”

வந்த பெண்களில் மூத்தவள், ஜெப்ஸி என்று பெயர், எதுவும் புரியாமல் ஜீவமணியைப் பார்த்தாள். “என்னக்கா?”

ஜீவமணி பிரசங்கம் பண்ணவில்லை. நேற்று அவள் கொட்டிய மணல் அங்கேயே காய்ந்து கறுத்துக் கிடந்தது, ஈ மொய்த்தது. அதைக் காட்டினாள். பிலோமினா எங்கிருந்து விழுந்தாள், இவன் என்ன சொன்னான், தான் என்ன செய்தாள் என்று மறைக்காமல் சொன்னாள். கக்கூஸ் சாவியையும் சொன்னாள்.

ஜெப்ஸி ஒரு கம்பைப் பிடித்து உலுக்கினாள். மொத்தச் சாரமும் கிறீச்சிட்டு ஆடியது.

“எங்ககிட்டயும் இதேதான சொன்னான், வீட்டுக்காரங்க விட மாட்டாங்கன்னு!” என்று அருவருப்போடு டிக்சன் பக்கம் திரும்பினாள். “போன மாசம் எனக்கு மூத்திரக் கடுப்பு வந்து காய்ச்சல்ல கெடந்தேன். அதும் இவன் சொன்ன பொய்யாலதானா?”

“ஏளா, ஏறுதியா, இல்ல வேற ஆளக் கூப்புடவா?”

“கூப்புடு. வர்றவங்ககிட்டயும் சொல்லுவோம்.”

அவளோடு வந்த இருவரும் வேனிலிருந்து தங்கள் சட்டியையும் கரண்டியையும் இறக்கிக்கொண்டார்கள். டிக்சன் போனைக் காதில் வைத்துக்கொண்டு யார் யாரையோ கூப்பிட்டான். ஐந்து பேரும் அவனைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

டிக்சன் மேல் புகார் கொடுக்கத் தூத்துக்குடித் தொழிலாளர் ஆபீஸில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. பார்த்தாலும் கேட்பார்களா, நாளைக்கு அடுப்பு எரியுமா, அதுவும் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜீவமணி பாட்டிலைத் திறந்து வயிறு நிறையக் குடித்துவிட்டு ஜெப்ஸியிடம் நீட்டினாள். அவளும் குடித்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு ஜெப்ஸி கேட்டாள்:

“நம்ம பிலோமினாக்கா எந்த ஆஸ்பத்திரியில இருக்காவ? ஆபீஸ் பொறவு. மொதல்ல அங்கன எறங்குவோம்.”