அளவு தப்பிய நாலு டயர்

நானூற்று முப்பத்தாறு வெள்ளி. லெட்சுமணன் தன் மனைவியின் தம்பி சுகுமாறனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அவ்வளவுதான். ஒரு டயர் நூற்றொன்பது வெள்ளி என்று நாலு டயர் வாங்கிய கணக்கு. பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த நாலு டயரும் அவர் மானத்தை வாங்கிய கதைதான் பெரிசு.

பாசிர் கூடாங்கில் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவும் குத்தகை வேலை லெட்சுமணனுக்கு. சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வரும் சுகுமாறன் அக்கா மலரின் வீட்டில்தான் தங்கியிருந்தான். வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது. மூன்று இடம் தட்டிப்போய், நாலாவதாகப் பெக்கான் நானாஸில் ஒரு பெண் அமைந்து வந்தது. பெயர் லோஷினி. அப்பா வேலு அன்னாசிப்பழ லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் இருந்தது லெட்சுமணனின் சின்னக் கார் ஒன்றுதான். அதன் டயர்கள் தேய்ந்து, வழித்த தலைபோல் மழமழவென்று கிடந்தன.

"இந்த டயரோட போனா பொண்ணு வீட்டுக்கு முன்ன ஆஸ்பத்திரிக்குத்தான் மாமா போவோம்," என்று சுகுமாறன் பணத்தை எடுத்துக் கொடுத்தான். "மெதுவா திருப்பிக் கொடுங்க. டிரைவர் பக்கத்துக் கதவத் தெறந்தா தூண்ல ஒரு தாள் ஒட்டியிருக்கும். என்ன அளவுன்னு அதுல போட்டிருக்கும். அதையே கேட்டு வாங்குங்க."

அந்தக் கடைசிப் பேச்சுதான் லெட்சுமணனுக்குச் சுருக்கென்றது. இருபது வருடம் செம்பனை லாரியில் கெலிண்டான் வேலை பார்த்தவர் அவர். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, சரக்கு ஏற்றி இறக்கி, டயர் வெடித்தால் நடுக்காட்டில் கழற்றி மாட்டிய கை. நேற்றுப் பிறந்தவன் டயரைப் பற்றிப் பாடம் எடுக்கிறானா?

"லாரி டயரையே தூக்கி மாட்டினவன்டா நான். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று சிரித்தார். அந்தக் கதவைத் திறந்து அவர் பார்க்கவே இல்லை.

உண்மை என்னவென்றால், லாரிக்கு எந்த டயர் என்று முடிவு செய்தது முதலாளி. லெட்சுமணன் மாட்டினார், அவ்வளவுதான். டயரின் விலாவில் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் அகலம். நடு எண் விலாவின் உயரத்தைச் சொல்லும். கடைசி எண் உள்ளே இருக்கும் இரும்புச் சக்கரத்தின் அளவு. இதில் லெட்சுமணனுக்குத் தெரிந்தது கடைசி எண் மட்டும்தான். தன் காருக்குப் பதிமூன்று. அது ஒத்துப்போனால் எல்லாம் ஒத்துப்போகும் என்பது அவர் எண்ணம்.

சனிக்கிழமை டயர் கடைக்குப் போனார். காருக்கு உள்ள அளவு கையிருப்பில் இல்லை, செவ்வாய்க்கிழமை வரும் என்றார் கடைக்காரச் சீனர். மூலையில் நாலு டயர் அடுக்கியிருந்தது. அதுவும் பதிமூன்றுதான். தடியாக, உயரமாக, பார்க்கவே லட்சணமாக இருந்தது.

"அத போடு தவுக்கே," என்று கடை முதலாளிக்குக் காட்டினார் லெட்சுமணன்.

"அண்ணே, இது திங்கி லா," என்று சீனர் உயரத்தைக் கையால் காட்டினார். "ஆள் ஏறினா ஒரசும்."

"பதிமூணு பதிமூணுதானே? போடு, போடு. எனக்குத் தெரியும்."

சீனர் தோளைக் குலுக்கிவிட்டு மாட்டிக் கொடுத்தார். லெட்சுமணன் தனி ஆளாக வீட்டுக்கு ஓட்டி வந்தார். கார் ஒரு விரல் உயர்ந்து நின்றது. ஒரு சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கூட, "என்னண்ணே, காடி வளந்துருச்சு?" என்று கேட்டார். அன்றைக்கு லெட்சுமணனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

"அளவு பாத்தீங்கள்ல மாமா?" என்றான் சுகுமாறன்.

"பாத்தேன், பாத்தேன்."

ஞாயிறு காலை நாலு பேர் கிளம்பினார்கள். லெட்சுமணன், சுகுமாறன், பின்னால் மலர், அவள் பக்கத்தில் செல்வராணி பெரியம்மா. அக்கா தம்பி இருவருக்கும் தாய் தகப்பன் இல்லாததால் பெரியவர் என்ற இடத்தில் அவர்தான் இருந்தார். நல்ல கனத்த உடம்பு. மடியில் பழத்தட்டு. தாமான் குடியிருப்பின் முனையில் இருந்த மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

"என்ன தம்பி, நான் ஏறினதும் காடி அழுவுது?" என்றார் பெரியம்மா.

"ஆமா அத்தை, காலையில இட்லிய கொறச்சிருக்கலாம்," என்றார் லெட்சுமணன்.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். ஆனால் அடுத்த மேடு வரும்போதெல்லாம் அவர் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தூக்கித் தூக்கி உட்கார்ந்தார். கண்ணாடியில் அதைப் பார்த்த லெட்சுமணனுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. சீனர் சொன்னது காதில் கேட்டது. புது டயர், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வேலுவின் வீட்டில் வரவேற்புக்குக் குறைவில்லை. பெண்ணும் பையனும் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். லோஷினி ஏதோ சொல்ல, சுகுமாறன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து மலர் பார்த்தே வருடக்கணக்காகிறது. அவள் கண் கலங்கிவிட்டது.

"கோயில்ல ஒரு தேங்கா ஒடச்சிட்டு வந்து மேற்கொண்டு பேசலாம்," என்றார் வேலு. "மாப்பிள்ள வீட்டுக் காடியிலயே போலாம். அதான் மரியாதை."

பெரியம்மா வீட்டிலேயே இருந்துகொண்டார். வேலு முன்னால் ஏறினார். பின்னால் அவர் மனைவி, லோஷினி, மலர். சுகுமாறன் வேலுவின் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தான்.

பக்கத்தில் லாரிக்காரர் உட்கார்ந்ததும் லெட்சுமணனுக்குப் பழைய நாள் திரும்பியது. வாய் சும்மா இருக்குமா?

"நானும் இருவது வருசம் லாரிதாங்க. டயர் விசயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. கண்ணால பாத்தே சொல்லிருவேன்."

"அப்படியா? டயர் தெரிஞ்சவன் பொழச்சுக்குவாண்ணே," என்றார் வேலு மரியாதையாக.

அடுத்த நிமிடமே கோயில் மேட்டுக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. ஐந்து பேர் பாரம். 'சர்ர்ர்ரக்' என்று தகரத்தை அறுப்பதுபோல் சத்தம். கூடவே கருகிய ரப்பர் நாற்றம். மூன்று பெண்களும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"நிறுத்துங்கண்ணே," என்றார் வேலு.

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மேல்வளைவில் விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்கக் கறுப்புத் தூள். டயரில் இருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். "நூத்தி எழுபத்தஞ்சு, எழுபது, பதிமூணு." பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த தாளையும் படித்தார். "நூத்தி அம்பத்தஞ்சு, அறுவத்தஞ்சு, பதிமூணு." நிமிர்ந்து பார்த்தார்.

"அகலமும் கூட, ஒசரமும் கூட. அழுத்தினா மேல இடிக்கத்தான் செய்யும். அறுந்து வெடிச்சிருந்தா என்ன ஆவுறது? மீட்டர் காட்டுற வேகத்தவிட காடி கூடுதலாத்தான் ஓடியிருக்கும். இத யாருண்ணே பாத்து எடுத்தது?"

அந்த நேரம் பார்த்து சுகுமாறன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து வந்தான்.

நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். ஆனால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்ட வாய் அது, எச்சில்கூடக் காயவில்லை. லெட்சுமணன் சுகுமாறன் பக்கம் கையைக் காட்டினார்.

"மச்சான்தாங்க... மச்சான்தான் காசு போட்டு எடுத்துக் கொடுத்தாரு."

காசு போட்டது உண்மை. அந்த உண்மையைப் பொய்க்கு முட்டுக் கொடுக்க வைத்துவிட்டார்.

சுகுமாறன் ஒரு கணம் மாமாவைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் பார்வையில் கோபம் இல்லை. பெரியவரைப் பத்துப் பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை.

"ஆமாங்க," என்றான்.

வேலு கறுப்பு விரலைப் புல்லில் துடைத்துக்கொண்டார். பெண்கள் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடந்தே ஏறினார்கள். அன்றைக்குப் பார்த்து வெயில் கொளுத்தியது. மலர் கடைசியாக நடந்தாள். புருசனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு பேச்சில் ருசி இல்லை. உள்ளே வேலு மனைவியிடம் சொன்னது கூடம்வரை கேட்டது. "குடும்பத்த ஒக்கார வச்சு ஓட்டுற காடிக்கே அளவு பாக்காத பையன், நாளைக்கு நம்ம புள்ளைய எப்படிப் பாப்பான்?"

சுகுமாறன் தரையையே பார்த்துக்கொண்டு தேநீரைக் குடித்தான்.

"சொல்லி அனுப்புறோம்," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார் வேலு. அதற்கு என்ன அர்த்தம் என்பது மூன்று இடம் பார்த்தவர்களுக்குத் தெரியாதா?

கார் உரசிக்கொண்டே கிளம்பியது. பின்னாலிருந்து பெரியம்மா, "நான் வேணா பஸ்ல வரவா தம்பி?" என்றார். பாவம், இன்னும் தன் உடம்பால்தான் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு பேச்சு லெட்சுமணனை உடைத்துவிட்டது. முதலில் பழியை இந்தக் கிழவி தலையில் கட்டினேன். பிறகு இவன் தலையில். இன்னும் எத்தனை பேர் தலை வேண்டும் எனக்கு?

சாலை அகன்ற இடத்தில் ஸ்டீரிங்கை ஒரேயடியாக ஒடித்துத் திருப்பினார். முன் டயர் இரண்டும் உள்தகரத்தில் உரசி ஊரைக் கூட்டின. பழக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க மாமா போறீங்க? வேணாம், விடுங்க," என்றான் சுகுமாறன்.

"நீ சும்மா இரு."

வேலு இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். லோஷினியும் அவள் அம்மாவும் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமணன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே போகக் கால் வரவில்லை.

"டயர் எடுத்தது நாந்தாங்க. கதவத் தெறந்து தாளப் பாருங்கன்னு அந்தப் பையன் சொன்னான். கடைக்காரனும் சொன்னான். நாந்தான் கேக்கல. கெலிண்டானா இருந்தவன் நான். லாரியும் ஓட்டினதில்ல, டயர் அளவும் தெரியாது. உங்ககிட்ட பெருமை பேசிட்டேன், அப்புறம் வெக்கமாயிருச்சு. அவன் மேல போட்டுட்டேன்."

ஐம்பத்து நாலு வயதில், பெண் கொடுக்கிற வீட்டு வாசலில், தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளைகள் முன்னால் தன்னைத்தானே உரித்துக் காட்டுவது லேசு இல்லை.

வேலு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இதச் சொல்லவா திரும்பி வந்தீங்க?"

"ஆமாங்க."

"சரி. மெதுவா ஓட்டிட்டுப் போங்க. ஆள் பாரம் இருக்கு."

அவ்வளவுதான். உள்ளே கூப்பிடவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. லெட்சுமணன் காருக்கு நடந்த அந்தச் சின்னத் தூரத்தில் முதுகு முழுக்க எரிந்தது. தொட்டிக்குள் இறங்கி வேலை செய்கிறபோதுகூட அவருக்கு அப்படி வேர்த்ததில்லை.

அதன்பின் அவர் காரைத் தொடவில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தார். சுகுமாறனோடு ஒரே வீட்டில் சாப்பிட்டாலும் அவன் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அவன் கூடத்துக்கு வந்தால் இவர் அடுப்படிக்குப் போனார். "வாயால கெட்டது போதும், இனிமே ஊமையாவும் இருக்கப் போறீங்களாக்கும்," என்று மலர் குத்தினாள். அதுவும் நியாயம்தான் என்று இருந்தது.

ஒன்பதாம் நாள் வேலுவிடமிருந்து தொலைபேசி வந்தது. மலர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, அந்த நாலு டயரையும் என்ன பண்ணப்போறீங்க?" என்றார் வேலு.

"கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கிறான். சும்மா கெடக்கு."

"என் பழைய காடிக்கு அதே அளவுதான். ஒண்ணு எழுவத்தஞ்சு வெள்ளின்னா எடுத்துக்கிறேன். மொதல்ல உங்க காடிக்கு ஒழுங்கானதப் போடுங்க, அப்புறம் கொண்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "வரும்போது மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. செய்யாத தப்புக்கு ஆமான்னாரே, அது ஏன்னு எம் புள்ள கேக்கணுமாம்."

மலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். லெட்சுமணனுக்கு அழுகை வரவில்லை. சந்தோசத்துக்கும் மேலாக, இவ்வளவு நல்ல காரியத்தைக் கெடுக்கப் பார்த்தேனே என்ற கூச்சம்தான் முன்னால் வந்து நின்றது.

சம்பளமும் ஓவர்டைமும் வந்ததும் கடைக்குப் போனார். கதவைத் திறந்து தாளைக் காட்டினார். "தவுக்கே, நான் ஒண்ணும் சொல்லல. நீயே படிச்சுப் பாத்துப் போடு."

"இப்பத்தான் அண்ணே பந்தாய்," என்றார் சீனர். புத்திசாலி என்று அர்த்தம். லெட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அளவு தப்பிய அந்த நாலையும் பின்னால் அடைத்துக்கொண்டு மாமனும் மச்சானும் பெக்கான் நானாஸ் போனார்கள். வேலு முந்நூறு வெள்ளி கொடுத்தார். லோஷினியும் சுகுமாறனும் மாமர நிழலில் நின்று நெடுநேரம் பேசினார்கள். அவள் என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்று லெட்சுமணன் விசாரிக்கவில்லை. தை மாதம் நாள் பார்க்கலாம் என்று வேலு சொன்னது போதுமாக இருந்தது.

வீட்டு முன் கார் நின்றதும், அந்த முந்நூறோடு தன் சம்பளத்திலிருந்து நூற்று முப்பத்தாறு சேர்த்து நீட்டினார்.

"கல்யாணச் செலவு வருது, இப்ப என்ன அவசரம் மாமா?"

"புடி."

சுகுமாறன் வாங்கி அப்படியே சட்டைப் பைக்குள் வைக்கப் போனான்.

"எண்ணிப் பாரு மச்சான்."

"நீங்க எண்ணாமயா கொடுப்பீங்க?"

"இல்ல. நான் சொல்றத வச்சு எடுத்துக்காத. நீயே எண்ணு."

சுகுமாறன் அவர் முகத்தைப் பார்த்தான். சிரிக்க வாயெடுத்தவன் சிரிக்கவில்லை. மடியில் வைத்து ஒவ்வொரு தாளாக, அவர் காதில் விழும்படி எண்ணினான்.

"நானூத்தி முப்பத்தாறு. சரியா இருக்கு மாமா."